பழைய ஃபைபர் படகைப் புதுப்பிக்க: முதலில் உள்ளே இருக்கும் மரத்தைப் பாருங்கள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏரிகள் நிறைந்த ஊர்ப்பக்கம் போனால், கொல்லைப்புறத்தில் கிழிந்த தார்ப்பாய்க்குக் கீழே பாசி பிடித்து, உள்ளே சருகு நிறைந்து கிடக்கும் பழைய மோட்டார் படகுகளைப் பார்க்கலாம். 14 முதல் 18 அடி நீளம், பின்னால் தொங்கும் அவுட்போர்டு எஞ்சின், முன்னால் வளைந்த கண்ணாடி. 1950-களின் கடைசியில் வந்த சில படகுகளுக்கு அந்தக் காலத்துக் கார்களில் இருந்த மாதிரியே பின்பக்கம் இரண்டு சிறகுகளும் இருக்கும். அச்சில் வார்த்த ஃபைபர் படகு வந்த பிறகுதான், மரப்படகின் விலையும் வருடாந்தரப் பராமரிப்பும் கட்டுப்படியாகாத குடும்பங்களுக்குச் சொந்தப் படகு வாய்த்தது. டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் 1956-இல் தொடங்கிய கிளாஸ்ட்ரான் போன்ற நிறுவனங்கள் அப்படி வளர்ந்தவைதான். இன்று இவற்றில் பல படகுகள் சில நூறு டாலருக்கே கிடைக்கின்றன. சில உரிமையாளர்கள் எடுத்துக்கொண்டு போனால் போதும் என்கிறார்கள். அவை நொறுக்கப்பட்டுக் குப்பைமேட்டுக்குப் போவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. கொஞ்சம் பொறுமையும் கைவேலைப் பழக்கமும் உள்ள யாரும் வீட்டிலேயே இவற்றை மீட்க முடியும்.

ஒரு விஷயத்தை மட்டும் தொடக்கத்திலேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ஃபைபர் அழுகாது. ஆனால் இந்தப் படகுகளுக்குள் மரம் இருக்கிறது. எஞ்சினைத் தாங்கும் பின்பலகை, தரை, தரைக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் ஸ்டிரிங்கர் என்ற தாங்குகட்டைகள் எல்லாம் பெரும்பாலும் பிளைவுட்டோ சாதாரணப் பலகையோதான். மேலே மெல்லிய ஃபைபர் போர்த்தியிருப்பார்கள். எங்காவது ஒரு திருகாணித் துளை வழியே தண்ணீர் இறங்கினால் மரம் ஊறி, பூசணம் பிடித்து, கருப்புத் தூளாகிவிடும். மேலே பளபளவென்று இருக்கும் படகின் பின்பலகை கையால் அள்ளும் நிலையில் இருக்கலாம். மங்கிப்போன ஒரு படகு உள்ளே திடமாக இருக்கலாம். அதனால் பாலிஷ் கடைசி வேலை. மரம்தான் முதல் வேலை.

வாங்குவதற்கு முன்

முதல் படகுக்கு அவுட்போர்டு எஞ்சின் உள்ளதையே தேர்ந்தெடுங்கள். உள்ளே எஞ்சின் வைத்த படகில் பெட்ரோல் ஆவி அடித்தளத்தில் தேங்கி வெடிக்கும் ஆபத்து உண்டு. அதற்கென்று தனி விசிறி, தீப்பொறி வெளிவராத தனி ஸ்டார்ட்டர், தனி ஆல்டர்னேட்டர் என்று வேலை பெருகும். 1958-இல் வந்த 13 அடி பாஸ்டன் வேலர் போல இரண்டு ஃபைபர் ஓடுகளுக்கு நடுவே நுரை ஊற்றிய படகுகளும் புதியவருக்கு வேண்டாம். அவை அருமையான படகுகள்தான். ஆனால் அந்த நுரைக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் அதை வெளியேற்றுவது கீழே சொல்லப்போவதிலிருந்து முற்றிலும் வேறுபட்ட வேலை.

படகைப் பார்க்கப் போகும்போது ஒரு பிளாஸ்டிக் சுத்தியலும் டார்ச்சும் கொண்டு போங்கள். பின்பலகையை ஓரத்திலிருந்து நடுவரை தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல மரம் 'டக்' என்று கூர்மையாக ஒலிக்கும். ஊறிய மரம் 'தொப்' என்று மந்தமாக ஒலிக்கும். அடுத்து எஞ்சினை நேராக இறக்கி, அதன் அடிப்பகுதியை மேலும் கீழும் அழுத்தி அசைத்துப் பாருங்கள். பின்பலகையின் மேல்விளிம்பு படகின் உடலிலிருந்து வளைந்து விலகினால் மரம் போய்விட்டது என்று அர்த்தம். உள்ளே ஏறித் தரையில் குதிகாலை ஊன்றி நடங்கள். பஞ்சுபோல் அமுங்கும் இடங்களைச் சாக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். உரிமையாளர் சம்மதித்தால் பின்பலகையின் உட்புறம் கீழ்மூலையில் 6 மி.மீ. துளை ஒன்று போட்டுப் பாருங்கள். வெளிர்நிறத்தில் உலர்ந்த தூள் வந்தால் நல்லது. கருப்பாக, ஈரமாக, புளித்த வாடையோடு வந்தால் அந்த மரத்தை மாற்றித்தான் ஆக வேண்டும். அதற்காக படகை வேண்டாம் என்று விட்டுவிடத் தேவையில்லை. விலையைக் குறைத்துக் கேளுங்கள். ஓடு, அதாவது படகின் ஃபைபர் வெளியுடல், நேராக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். அடிப்பக்கம் நீண்ட அளவுகோலை வைத்துப் பார்க்கும்போது அமரத்தின் (பின்முனையின்) பக்கம் உள்வாங்கிய குழிவு தெரிந்தால், அந்தப் படகு நீரில் வேகம் எடுக்காது, அணியத்தை (முன்முனையை) அழுத்திக்கொண்டு போகும். அதைச் சரிசெய்வது கடினம்.

காகிதங்கள் இல்லாத படகை வாங்காதீர்கள். அமெரிக்காவில் 1972 நவம்பர் முதல் ஒவ்வொரு படகின் பின்பலகையிலும் வலப்பக்க மேல்மூலையில் 12 எழுத்துகள் கொண்ட அடையாள எண் பதிக்கப்படுகிறது. காகிதத்தில் இருக்கும் எண்ணும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். டிரெய்லருக்குத் தனிக் காகிதம் உண்டு, அதையும் கேளுங்கள். எத்தனை பேர், எத்தனை எடை, எத்தனை குதிரைத்திறன் என்று சொல்லும் சிறிய தகடு ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் இருந்தால் அதைப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள குதிரைத்திறனை மீறி எஞ்சின் மாட்டக் கூடாது.

பிரிப்பதற்கு முன் தாங்கல்

வீட்டுக்கு வந்ததும் முதலில் கழுவுங்கள், அப்புறம் நன்றாகப் புகைப்படம் எடுங்கள். ஒவ்வொரு கம்பி, ஒவ்வொரு கீல், ஒவ்வொரு துளை. கழற்றும் திருகாணிகளைத் தனித்தனிப் பைகளில் பெயர் எழுதிப் போடுங்கள். அந்தக் காலத்துக் கண்ணாடிச் சட்டமும் கைப்பிடிகளும் இன்று புதிதாகக் கிடைப்பது அரிது.

தரையை வெட்டுவதற்கு முன்னால் ஓடு முழுவதையும் சரியாகத் தாங்க வேண்டும். பலரும் தவறவிடும் இடம் இது. ஓடு தன் வடிவத்தில் நிற்பதற்குத் தரையும் ஸ்டிரிங்கர்களும்தான் காரணம். அவற்றை எடுத்துவிட்டால் மெல்லிய ஃபைபர் தன் எடையிலேயே தொய்ந்துவிடும். அந்தத் தொய்வோடு புதிய மரத்தை ஒட்டினால் வளைவு நிரந்தரமாகிவிடும். டிரெய்லரின் இரண்டு உருளைகள் மேல் மட்டும் படகு உட்கார்ந்திருந்தால் அது போதாது. அடிப்பகுதி முழுவதற்கும் வடிவத்துக்கு ஏற்பப் பலகைத் தாங்கல் கொடுங்கள். பக்கவாட்டு விளிம்புகளுக்குக் குறுக்கே இரண்டு மூன்று இடங்களில் கட்டையைத் திருகி, அகலம் மாறாமல் பிடித்து வையுங்கள். மட்டப்பலகை வைத்து நீளவாக்கிலும் குறுக்கிலும் சரிபாருங்கள்.

அறுக்கும் வேலை

தரையை ஓரத்திலிருந்து ஐந்தாறு சென்டிமீட்டர் விட்டு, மரத்தின் தடிமன் அளவுக்கு மட்டும் வட்ட ரம்பத்தை இறக்கி அறுங்கள். கீழே ஸ்டிரிங்கரோ பெட்ரோல் தொட்டியோ இருக்கலாம். ஓரத்தில் விட்ட அந்த உதடு பிறகு புதிய தரையின் உயரத்தைக் காட்டும். தரைக்கு அடியில் பெரும்பாலும் மஞ்சள் நிறப் பாலியூரித்தேன் நுரை இருக்கும். படகு கவிழ்ந்தாலும் மூழ்காமலிருக்க ஊற்றியது அது. நல்ல நுரை இறகு எடை இருக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் தண்ணீரில் கிடந்த நுரை அதை உறிஞ்சிக் கனத்திருக்கும். ஒரு கன அடி தண்ணீர் 28 கிலோ. இப்படி ஊறிய நுரையை எடுத்தாலே சில படகுகளின் எடை நூறு கிலோவுக்கு மேல் குறையும். மண்வெட்டியால் வெட்டி எடுத்துவிடுங்கள். காயவைத்துத் திரும்பப் பயன்படுத்த முடியாது.

கிரைண்டரைக் கையில் எடுக்கும் முன் உடம்பைப் பாருங்கள். ஃபைபர் தூள் தோலில் குத்தும், நுரையீரலில் தங்கும். நுண்தூளைத் தடுக்கும் பி100 வடிகட்டி போட்ட முகமூடி, மூடிய கண்ணாடி, உடல் முழுவதும் மறைக்கும் காகிதச் சட்டை, மணிக்கட்டில் டேப் சுற்றிய கையுறை எல்லாம் கட்டாயம். சாதாரணத் துணி முகமூடி எதற்கும் உதவாது. வேலை முடிந்ததும் முதலில் குளிர்ந்த நீரில் கழுவுங்கள், அந்த உடைகளை மற்ற துணிகளோடு துவைக்காதீர்கள். குழந்தைகள் விளையாடும் இடத்துக்குப் பக்கத்தில் இந்த வேலை வேண்டாம். அடிப்பக்கம் பழைய பாசித்தடுப்பு வண்ணம் இருந்தால் அதை உலர்ந்தபடி தேய்க்கவே கூடாது. செம்பும், அதைவிட மோசமான சேர்மங்களும் அதில் இருக்கலாம். ஈரமாகத் தேய்த்து, கழிவைச் சேகரித்து அகற்றுங்கள்.

பின்பலகை

இந்த வேலையின் உயிர்நாடி இதுதான், நேரத்தையும் காசையும் இங்கே தாராளமாகச் செலவிடுங்கள். ஒரு 60 குதிரைத்திறன் எஞ்சின் நூறு கிலோவுக்கு மேல் எடையோடு பின்னால் தொங்கிக்கொண்டு, அலையில் ஒவ்வொரு முறை துள்ளும்போதும் இந்தப் பலகையை நெம்புகிறது.

உள்ளிருந்து செய்வதே நல்லது. வெளிப்புற ஃபைபர் தோலைத் தொடாமல் விட்டால் படகின் வடிவமும் பழைய வண்ணமும் தப்பும். உட்புறத் தோலை ஓரமாக அறுத்து எடுத்துவிட்டு, அழுகிய மரத்தை உளியாலும் நெம்புகோலாலும் பிரியுங்கள். நல்ல மரம் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறதே என்று அதை விட்டுவைக்க வேண்டாம். பூசணம் கண்ணுக்குத் தெரியாமல் அதிலும் பரவியிருக்கும். மீதியைக் கிரைண்டரால் சுத்தமான ஃபைபர் தெரியும்வரை தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, சில நாள் நன்றாகக் காயவிடுங்கள்.

பழைய பலகை உடையாமல் வந்தால் அதுவே அளவு மாதிரி. இல்லாவிட்டால் அட்டையில் வெட்டிப் பாருங்கள். தடிமன் சாதாரணமாக 38 மி.மீ., அதாவது 19 மி.மீ. பிளைவுட் இரண்டு. கடல்தரப் பிளைவுட் வாங்குங்கள். பி.எஸ். 1088 என்ற பிரிட்டிஷ் தர முத்திரை உள்ளது நல்லது. உள்ளடுக்குகளில் வெற்றிடம் இருக்காது. பச்சைநிற மருந்தேற்றிய பலகை வேண்டாம். ஈரத்தோடு விற்கப்படும் அந்தப் பலகையில் ரெசின் (ஃபைபர் துணியை ஊறவைத்து உறையவிடும் பசை) சரியாகப் பிடிக்காது. இரண்டு தகடுகளையும் எபாக்சி என்ற இரண்டு பாக ரெசினைக் கெட்டியாக்கி ஒட்டி, எல்லா விளிம்புகளிலும் வெட்டுமுகங்களிலும் நீர்த்த எபாக்சியை மரம் குடிக்கும் வரை தடவுங்கள். வெட்டுமுகம்தான் தண்ணீர் ஏறும் வழி.

பொருத்தும்போது வெளித்தோலின் உட்பக்கத்தில் எபாக்சியும் சிலிக்கா தூளும் சேர்த்த கலவையைப் பல் கரண்டியால் தாராளமாகப் பூசுங்கள். கலவை இட்லி மாவைவிடக் கெட்டியாக, சரிவில் வழியாமல் நிற்க வேண்டும். பலகையை வைத்து கிளாம்புகளால் இறுக்குங்கள். எல்லா ஓரத்திலும் கலவை பிதுங்கி வந்தால்தான் உள்ளே வெற்றிடம் இல்லை என்று தெரியும். ரொம்ப இறுக்கினால் பசை முழுக்க வெளியேறிவிடும், பார்த்து. பின்பலகை ஏறத்தாழ 14 பாகை பின்பக்கம் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு மாறாமல் அளந்துகொண்டே இறுக்குங்கள்.

அடுத்து, பலகையும் ஓடும் சந்திக்கும் மூலையில் அதே கலவையால் வளைவான உருண்டைத் திரணை ஒன்று கட்டுங்கள். ஃபைபர் துணி கூர்மூலையில் மடியாது, உள்ளே காற்று நிற்கும். அதன் மேல் 1708 என்ற எண்ணில் விற்கும் குறுக்கிழைத் துணியை இரண்டு அல்லது மூன்று அடுக்கு போட்டு, ஓட்டின் மேல் ஒவ்வொரு அடுக்கும் முந்தையதைவிட ஐந்தாறு சென்டிமீட்டர் கூடுதலாக நீளும்படி செய்யுங்கள். வரிகள் உள்ள உருளையால் காற்றுக் குமிழியை நடுவிலிருந்து வெளியே தள்ளுங்கள்.

எந்த ரெசின்

பழைய ஃபைபரின் மேல் புதிதாக ஒட்டுவதற்கு எபாக்சி, பாலியெஸ்டர் ரெசினைவிட நன்றாகப் பிடிக்கும், மரத்தோடும் சேரும். விலைதான் கூடுதல். பின்பலகைக்கும் ஸ்டிரிங்கருக்கும் எபாக்சிக்கே செலவிடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. பாலியெஸ்டரில் செய்து பல ஆண்டுகள் நின்ற படகுகளும் நிறைய உண்டு, அதை மறுக்க முடியாது. ஆனால் எபாக்சியின் மேல் பாலியெஸ்டர் பூசினால் சரியாகப் பிடிக்காது என்பதை நினைவில் வையுங்கள். வெட்டு நார்ப்பாயான சாதாரண 'மேட்'டை ஒட்டவைத்திருக்கும் பசை பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில் கரைவதற்கென்றே தயாரானது. எபாக்சியில் அது கரையாது. அதனால் எபாக்சிக்குத் தையல் போட்ட துணிதான் சரி.

எபாக்சியின் இரண்டு பாகங்களை நிறுவனம் சொன்ன விகிதத்திலேயே அளந்து கலக்குங்கள். சீக்கிரம் காய வேண்டும் என்று கடினப்படுத்தியைக் கூட்டினால் அது எப்போதும் ரப்பராகவே நிற்கும். பாலியெஸ்டருக்கு வினையூக்கி 1 முதல் 2 விழுக்காடு. அது கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும், கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள். அதை அசிட்டோனோடு கலக்கவும் கூடாது. கலந்த ரெசினை ஆழமான கப்பில் வைத்திருந்தால் சூடேறிப் புகையும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து அகலத் தட்டில் ஊற்றுங்கள். 15 டிகிரிக்குக் கீழே போனால் பல ரெசின்கள் சரியாக உறையாது. குளிர்நாட்டில் ரெசின் வேலையைக் கோடைக்கு வைத்து, எஞ்சின் வேலையைக் குளிர்காலத்துக்கு வைத்துக்கொள்வதே நல்ல ஏற்பாடு. உறைந்த எபாக்சியின் மேல் சிலசமயம் மெழுகுபோன்ற படலம் வரும். அதைத் தேய்ப்பதற்கு முன் வெந்நீரும் சுரண்டுபஞ்சும் கொண்டு கழுவிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த அடுக்கு ஒட்டாது.

ஸ்டிரிங்கர்கள், தரை, நுரை

ஸ்டிரிங்கர்களை ஒன்றை எடுத்து ஒன்றை வைத்தால் ஓட்டின் வடிவம் பாதுகாக்கப்படும். கட்டையை ஓட்டின் மேல் நேரடியாக உட்காரவைக்காமல் கெட்டிக் கலவையின் மெத்தையில் உட்காரவையுங்கள். கடினமான விளிம்பு ஓட்டில் அழுந்தினால் வெளியே விரிசல் தெரியும். பிறகு அதே முறையில் திரணை, துணி. தண்ணீர் அமரத்தின் பக்கம் வடிவதற்கு ஒவ்வொரு தடுப்பிலும் கீழ்முனையில் துளை வைத்து, துளையின் உட்புறத்தை எபாக்சியால் மூடுங்கள். முதலில் கட்டியவர்கள் இந்தத் துளையை மூடாமல் விட்டதுதான் பல படகுகளில் அழுகல் தொடங்கிய இடம்.

நுரையைத் திரும்பப் போடாமல் விடாதீர்கள். இரண்டு பாகமாக வரும் பாலியூரித்தேன் நுரை, கன அடிக்கு 2 பவுண்டு அடர்த்தியுள்ளது, ஒரு கன அடிக்கு ஏறத்தாழ 27 கிலோவைத் தாங்கும். சிறிது சிறிதாக ஊற்றுங்கள், ஒரேயடியாக ஊற்றினால் தரையையே தூக்கிவிடும். கட்டடக் கடையில் கிடைக்கும் பாலிஸ்டைரீன் பலகையை வெட்டி வைக்கலாம். ஆனால் பெட்ரோலும் பாலியெஸ்டர் ரெசினும் அதைக் கரைத்துவிடும். தரைக்கு 12 மி.மீ. பிளைவுட் பெரும்பாலும் போதும், கீழ்ப்பக்கத்தையும் பூசி மூடிய பிறகே பொருத்துங்கள்.

இனிமேல் எந்தத் துளை போட்டாலும் இந்த முறைதான்: பெரிதாகத் துளையிட்டு, கெட்டி எபாக்சியால் அடைத்து, உறைந்தபின் நடுவில் சரியான அளவில் மறுபடி துளையிடுங்கள். திருகாணி மரத்தைத் தொடாமல் எபாக்சிக்குள்ளேயே நிற்கும். எஞ்சின் போல்ட்டுகளுக்கு இது கட்டாயம். நீர்மட்டத்துக்குக் கீழே சிலிக்கானைப் பயன்படுத்தாதீர்கள், கடல்தரப் பாலியூரித்தேன் சீலண்ட் போடுங்கள்.

வெளிப்புறம்

ஜெல்கோட், அதாவது ஃபைபரின் மேலுள்ள நிறப்பூச்சு, மங்கியிருந்தால் பெரும்பாலும் வண்ணம் அடிக்கவே தேவையில்லை. 600, 800, 1000 என்று நீர்த்தாளால் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்த்து, காம்பவுண்டு, பாலிஷ், மெழுகு என்று போனால் 50 ஆண்டுப் பழைய நிறமும் எழுந்து வரும். சிலந்தி விரிசல்களை மேலே பூசி மறைக்காமல் வி வடிவில் திறந்து நிரப்புங்கள். நிரப்பும் ஜெல்கோட் காற்றுப் பட்டால் பிசுபிசுப்பாகவே நிற்கும், மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடிவையுங்கள். வண்ணம் அடித்துத்தான் ஆக வேண்டுமென்றால் இரண்டு பாகப் பாலியூரித்தேனை உருளையால் தடவி, உடனே தூரிகை நுனியால் நீவிவிடுங்கள். அதை வீட்டில் பீய்ச்சி அடிக்காதீர்கள். அதில் உள்ள ஐசோசயனேட் என்ற நச்சுப்பொருளை சாதாரண வடிகட்டி முகமூடி நம்பகமாகத் தடுக்காது.

இருக்கைகளைத் தைப்பது சொந்த ரசனை. அடிப்பலகையையும் எபாக்சியால் மூடுங்கள், மற்றபடி உங்கள் விருப்பம்.

எஞ்சின், எரிபொருள், கம்பி

எஞ்சினுக்குப் பணம் போடுவதற்கு முன் எல்லா சிலிண்டர்களிலும் கம்பிரஷன் (அழுத்தம்) அளந்துகொள்ளுங்கள். ஒன்றுக்கொன்று 10 விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் யோசியுங்கள். எஞ்சினின் அடியில் கியர் இருக்கும் கீழ்ப்பெட்டியின் எண்ணெயைத் திறந்து பாருங்கள், பால்போல் வெளுத்திருந்தால் சீல் வழியே தண்ணீர் புகுந்திருக்கிறது. குளிர்நீர் பம்பின் ரப்பர் இம்பெல்லரை எப்படி இருந்தாலும் மாற்றுங்கள். தண்ணீர் இணைப்பு இல்லாமல் ஒரு நொடிகூட எஞ்சினை ஓட்டாதீர்கள். எண்ணெய்க் கலவையைக் கையேட்டைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். 1964 வாக்கில் பல ஜான்சன், எவின்ரூட் எஞ்சின்கள் 50:1-க்கு (50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய்) மாறின. அதற்கு முந்தியவை பலவற்றுக்கு 24:1. எவின்ரூட் உற்பத்தி 2020-இல் நின்றுபோனாலும் பழைய மாடல்களுக்கு உதிரிபாகம் இன்னும் கிடைக்கிறது.

எரிபொருள் குழாய்கள், பிரைமர் பல்பு (பெட்ரோலைக் கையால் அழுத்தி ஏற்றும் ரப்பர் குமிழ்) எல்லாம் புதிதாக வேண்டும். இன்றைய பெட்ரோலில் உள்ள எத்தனால் பழைய ரப்பரைக் கரைத்து கார்புரேட்டரை அடைக்கும். தரைக்கு அடியில் புதைந்த பழைய அலுமினியத் தொட்டியை நம்ப வேண்டாம். இந்த அளவுப் படகுக்கு வெளியே வைக்கும் சிறு தொட்டி போதும். மின்கம்பிகளுக்கு ஈயம் பூசிய செம்புக்கம்பியே சரி. பேட்டரியிலிருந்து கிளம்பும் முதன்மை ஃபியூஸ் 18 செ.மீ. தூரத்துக்குள் இருக்கட்டும். 1960-களின் படகுகளில் கப்பி, கம்பிக்கயிறு வைத்த ஸ்டியரிங் இருந்தால் அதை எடுத்துவிட்டு இன்றைய கேபிள் வகையைப் போடுங்கள். வேகத்தில் அந்தப் பழைய கயிறு அறுந்தால் உயிருக்கே ஆபத்து. டிரெய்லரின் சக்கரப் பேரிங்குகளுக்கு கிரீஸ் மாற்றுவதும், டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத் தேதியைப் பார்த்து வயதான டயரை மாற்றுவதும் இந்த நேரத்தில் செய்துவிடுங்கள்.

முதல் முறை நீரில்

காற்று இல்லாத காலையில், ஆள் குறைவான துறையில் இறக்குங்கள். டிரெய்லரிலிருந்து விடுவிக்கும் முன்பே உள்ளே பாருங்கள், எங்காவது தண்ணீர் கசிந்தால் அப்படியே மேலே இழுத்துவிடலாம். பிறகு கரையோரம் கட்டிவைத்து அரை மணி நேரம் பொறுங்கள். பின்பலகையின் போல்ட்டுகளையும் வடிகால் துளையையும் விரலால் தடவிப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது பின்னால் நீர்த்தாரை தொடர்ந்து வருகிறதா என்று கவனியுங்கள், அது நின்றால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். அன்று அரை வேகத்துக்கு மேல் போக வேண்டாம். உயிர்காப்புச் சட்டை, தீயணைப்பான், துடுப்பு மூன்றும் முதல் நாளிலிருந்தே படகில் இருக்கட்டும்.

திரும்பி வந்ததும் வடிகால் தக்கையைப் பிடுங்கி, எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று ஒரு வாளியில் பிடித்துக் குறித்துவையுங்கள். அடுத்தடுத்த தடவைகளில் அந்த அளவு கூடினால் எங்கோ கசிவு பெருகுகிறது. எஞ்சின் போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள். நிறுத்திவைக்கும்போது அணியம் உயர்ந்து, தக்கை கழன்று, காற்று புகும் மூடிக்குக் கீழே படகு நிற்கட்டும். கழற்றிய தக்கையை ஸ்டியரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள், அடுத்த முறை இறக்கும்போது மறக்காது.